காணாமல் போன மிதி

அந்த விவசாயி வாங்கியது பழைய டிராக்டர். சேற்றுழவில் வலது சக்கரம் மட்டும் சுற்றிக் குழி பறித்தது. இடது சக்கரம் அசையவே இல்லை. மகன் சக்கரத்தடியில் கட்டை கொடுக்க ஓடினான். "கிட்ட வராதடா! முன்பக்கம் தூக்கிக் கவிழ்ந்திடும்" என்று கத்தி, இன்ஜினை நிறுத்தினார். பக்கத்து வயல் டிராக்டர்தான் இழுத்துவிட்டது.

மறுநாள் மெக்கானிக் காட்டினார்: "அண்ணே, டிஃபரன்ஷியல் லாக் மிதியே இல்ல." முன்பு வைத்திருந்தவர் கழற்றிவிட்டிருந்தார். புது மிதியும் ஸ்பிரிங்கும் பொருத்தியதும், மிதித்தால் இரண்டு பின்சக்கரமும் சேர்ந்தே சுழன்றன.

சக்கரம் நின்ற பிறகுதான் மிதிக்க வேண்டும். நேராகப் போகையில் மட்டுமே. திரும்புமுன் காலை எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் வண்டி வளையாது; பல்சக்கரமும் உடையலாம். இத்தனையும் மகனுக்குச் சொல்லிக்கொடுத்த பிறகே சாவியைக் கொடுத்தார்.