போகொடப் பாலமும் எங்கள் லயமும்

பதுளையிலிருந்து ஏறக்குறைய ஏழு கிலோமீற்றர் தொலைவில், கல்லந்த ஓயாவின் குறுக்கே ஓட்டுக்கூரை வேய்ந்த மரப்பாலம் ஒன்று நிற்கிறது. போகொடப் பாலம் என்பர். 16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது எனச் சொல்லப்படுவது. இரும்பின்றி, மர ஆணிகளைக் கொண்டே பலகையையும் தூணையும் பிணைத்திருக்கிறார்கள். பலா, கருங்காலி முதலிய மரங்கள். பதுளைக்கும் கண்டிக்கும் இடையே கால்நடையாகச் சென்றவர்கள் அங்கே மழைக்கு ஒதுங்கியிருப்பார்கள். இன்று அது தொல்லியல் சின்னம். அதைச் சிதைப்பவனைத் தண்டிக்கச் சட்டம் உண்டு.

சென்ற ஆண்டு என் தாயாரை அங்கே அழைத்துச் சென்றேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் கொழுந்து பறித்த கைகளால் அந்தத் தூணைத் தடவிப் பார்த்தவர், திடீரென்று கேட்டார்: "ஏன் தம்பி, நம்ம லயத்துக்கு வயசு என்ன இருக்கும்?"

நான் திகைத்து நின்றேன். வெள்ளைத் துரைமார் காலத்து லயம் அது. நூறு ஆண்டுகளைத் தாண்டியது. ஒரே காம்பரா, முன்னே ஒரு இஸ்தோப்பு, மேலே துருப்பிடித்த தகரம். அதில் மூன்று தலைமுறைகள் பிறந்து, சமைத்து, நோயுற்று, மரித்தன. 1948இல் குடியுரிமையைப் பறிகொடுத்தவர்களும், 1964 ஒப்பந்தத்தின்படி கப்பலேறியவர்களும் அந்த வாசலைக் கடந்தே சென்றார்கள். வரலாறு என்று சொல்வதாயின் இதனினும் வேறென்ன வேண்டும்? ஆயினும், ஒழுகும் தகரத்தை மாற்றுவதற்குக்கூடத் தோட்டத்து அலுவலகத்தின் அனுமதிக்காக எங்கள் குடும்பம் இரண்டு மாரிகாலம் காத்திருந்தது.

கொஸ்லாந்தைக்கு அருகே மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் காலையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தார்கள். எச்சரிக்கை தாளில் இருந்தது. மக்கள் லயத்திலேயே இருந்தார்கள். போக வேறு நிலம் ஏது?

லயங்களையும் பாலத்தைப்போலப் பேண வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்லும் உரிமை, அதில் ஒரு மழைக்காலத்தையேனும் கழிக்காத எவருக்கும் இல்லை. மனிதருக்கு முதலில் சொந்த நிலமும் வீடும் கிடைக்கட்டும். அதன்பின் ஒரு லயத்தையாவது, அடுப்புக்கரி படிந்த சுவரோடு, அப்படியே நிறுத்தி வைக்கலாம். கம்பளைக்கு அருகில் பழைய லயத்திலேயே தொழிலாளர் அருங்காட்சியகம் ஒன்று 2007இல் அமைந்தது. ஊவாவிலும் அத்தகைய ஒன்று வேண்டும். துரை பங்களாக்கள் உல்லாசப் பயணிகளின் விடுதிகளாகி மெருகேறி நிற்கின்றன. அவற்றுக்குக் கல்லும் மரமும் சுமந்தவர்களின் உறைவிடம் சுவடின்றிப் போவது எந்த நியாயம்?

இவற்றையெல்லாம் தாயாரிடம் விளக்கிக்கொண்டிருந்தேன். அவர் பாதிதான் கேட்டார். பாலத்தருகே சருகு கூட்டிக்கொண்டிருந்த முதியவரிடம் சென்று, தமக்குத் தெரிந்த சிங்களத்தில், அந்தக் கூரை ஓடு எங்கே கிடைக்கும், என்ன விலை என்று விசாரிக்கத் தொடங்கினார்.