பஞ்சம் பெற்ற பிள்ளை

கொடைக்கானலுக்கு வருபவர்கள் ஏரியில் படகு விடுவார்கள், சாக்லேட் வாங்குவார்கள், தூண் பாறையில் பனிமூட்டம் விலகக் காத்திருப்பார்கள். ஊருக்கு மேலே, கடல்மட்டத்திலிருந்து 2,343 மீட்டர் உயரத்திலுள்ள சூரிய ஆய்வுக்கூடத்தை எட்டிப் பார்ப்பவர்கள் குறைவு. அப்படிப் பார்ப்பவர்களிலும் பலருக்கு அது ஒரு பஞ்சம் பெற்ற பிள்ளை என்பது தெரியாது.

1876ல் மழை பொய்த்தது. 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சத்துக்குச் சென்னை மாகாணத்தில் பல லட்சம் பேர் பலியானார்கள். நாட்டின் தானியம் கப்பலேறிக் கொண்டிருந்த அதே நேரத்தில், ஆங்கிலேயர்கள் பஞ்சத்துக்கு வானத்தில் காரணம் தேடினார்கள். சூரியனில் தெரியும் கரும்புள்ளிகள் சுமார் 11 ஆண்டுகளுக்கு ஒருமுறை கூடிக் குறையும். அவை குறையும்போது சென்னையில் மழையும் குறைகிறது என்று 1877ல் எழுதினார் அரசின் புள்ளிவிவரத் தலைவர் வில்லியம் ஹண்டர்.

அது உண்மையானால் அடுத்த பஞ்சத்தை முன்கூட்டியே சொல்லிவிடலாம். அந்த நம்பிக்கையும் சேர்ந்துதான் 1899ல் இந்த ஆய்வுக்கூடத்தை உருவாக்கியது. தெளிவான வானத்துக்காக இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தவர் மிச்சி ஸ்மித். 1909ல் இங்குதான் ஜான் எவர்ஷெட், கரும்புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டுபிடித்தார். 'எவர்ஷெட் விளைவு' என்று அதற்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது.

மழைக் கணக்கு மட்டும் உதைத்தது. 1904ல் இந்திய வானிலைத் துறைக்குத் தலைமையேற்ற கில்பர்ட் வாக்கர், கரும்புள்ளிகளையும் பருவமழையையும் ஒப்பிட்டுப் பார்த்தார். நம்பி முன்னறிவிப்புச் சொல்லும் அளவுக்கு உறவு இல்லை. பசிபிக், இந்தியப் பெருங்கடல்களின் மேல் ஊசலாடும் காற்றழுத்தத்தில்தான் அவருக்குத் துப்பு கிடைத்தது. எல் நினோவோடு பிணைந்த ஊசல் அது. தாது வருஷப் பஞ்சத்தின்போதும் பசிபிக்கில் கடுமையான எல் நினோ இருந்தது பின்னாளில் தெரியவந்தது.

ஆனாலும் ஆய்வுக்கூடம் வீண்போகவில்லை. நூறாண்டுக்கும் மேலாக இங்கே எடுக்கப்பட்ட சூரியப் படங்களைப் பெங்களூரிலுள்ள இந்திய வான் இயற்பியல் நிறுவனம் கணினியில் ஏற்றியிருக்கிறது. சூரியனின் பழைய போக்கை அறிய விரும்புவோருக்கு அது புதையல்.

இன்று உலகம் சூடாவதற்கும் சூரியனைக் கைகாட்டுபவர்கள் உண்டு. கணக்கு இடம் கொடுக்கவில்லை. 11 ஆண்டுச் சுழற்சியில் சூரிய ஒளி மாறுவது சுமார் 0.1 சதவீதம்தான். 1978 முதல் செயற்கைக்கோள்கள் அளந்துவருகின்றன. சூரியனின் பிரகாசம் கூடவில்லை, பூமியின் வெப்பமோ ஏறிக்கொண்டே போகிறது. அன்று தானியத்தைக் கப்பலேற்றியதும் சூரியன் அல்ல, இன்று புகையைக் கக்குவதும் சூரியன் அல்ல.