'போலரைசிங்' என்றொரு சொல்

பிரித்தானியாவுக்குப் புதிதாக வந்த நம்மவர் சிலர் என்னிடம் பொருள் கேட்ட சொற்களில் ஒன்று 'போலரைசிங்'. ஊரில் உயர்தர வகுப்பில் பௌதிகவியல் படித்தவர்களுக்கு 'முனைவாக்கம்' நினைவுக்கு வரும். வானொலிக்காரர் சொல்வதோ ஒரு அரசியல்வாதியைப் பற்றி!

1808இல் பாரிஸ் நகரில் மாலுஸ் என்ற பிரெஞ்சுக்காரர், லக்சம்பேர்க் மாளிகையின் யன்னல்களில் பட்டுத் தெறித்த மாலை வெயிலை ஒரு பளிங்குத் துண்டினூடாகப் பார்த்தார். பளிங்கைத் திருப்பத் திருப்ப ஒளி கூடிக் குறைந்தது. ஒளித் துணிக்கைகளுக்கும் காந்தத்தைப் போல முனைகள் உண்டென்று எண்ணி, பின்னர் அதற்கு இப்பெயரைச் சூட்டினார். அந்த எண்ணம் நிலைக்கவில்லை, பெயர் நிலைத்துவிட்டது. பல திசைகளில் அதிரும் ஒளியில் ஒரு திசை அதிர்வை மட்டும் எடுப்பதே முனைவாக்கம். ஈர வீதியின் கூச்சத்தைத் தடுக்க வாகன ஓட்டிகள் அணியும் 'போலரைஸ்ட்' கண்ணாடி செய்வதும் இதைத்தான். அதை அணிந்தபடி கைத்தொலைபேசியைச் சுழற்றிப் பாருங்கள். சிலவற்றின் திரை ஒரு கோணத்தில் இருண்டுவிடும்.

அரசியலில் கதை வேறு. 2016 ஜூன் 23இல் நடந்த வாக்கெடுப்பில், ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலக 51.9 வீதத்தினரும் இருக்க 48.1 வீதத்தினரும் வாக்களித்தனர். முடிவு நெருக்கமானது என்பதற்காக அதைத் துருவமயமாதல் என்று சொல்வதில்லை. பிறகு சனங்கள் தங்களையே 'லீவர்', 'ரிமெய்னர்' என்று அழைக்கத் தொடங்கினார்களே, அதுதான். மீன்பிடிக்கு விலகுவது நல்லது, வியாபாரத்துக்கு இருப்பது நல்லது என்று நினைத்தவருக்கு நிற்க இடமில்லாமற் போனது.

அன்றாடப் பேச்சில் இச்சொல் அவ்வளவு பாரமில்லை. நாம் பாணில் பூசிச் சாப்பிட்ட மார்மைட்டைப் பற்றி ஆங்கிலேயர் இப்படிச் சொல்வார்கள். ஒன்றில் உயிர், அல்லது முகத்தைச் சுளிப்பு. ஆகவே வேலைத்தலத்தில் உங்கள் யோசனையை யாராவது 'போலரைசிங்' என்றால் மனம் நோகாதீர்கள். சிலருக்கு அது நன்றாகவே பிடித்திருக்கிறது என்பதும் அதில் அடக்கம்.

நமக்குச் சொல்தான் புதிது. 'இரண்டு பக்கத்திலும் கொஞ்சம் நியாயம் இருக்கு' என்றவரை 'நீர் எந்தப் பக்கம்?' என்று கேட்டே பழகியவர்கள் நாம். இங்கே சங்கக் கூட்டங்களிலும் அந்தக் கேள்வி எழுகிறது. கேட்கப்பட்டவர் அடுத்த கூட்டத்துக்கு வருவதில்லை. பிறகு அவருடைய பிள்ளைகளும் தமிழ் வகுப்புக்கு வருவதில்லை.