ஐம்பது ரூபாயும் எழுபத்தைந்து டாலரும்

ஆகஸ்ட் 17

கணக்குப்பதிவியல் நோட்டைத் திருப்பிவைத்து, கடைசிப் பக்கத்தில் தேதி போட்டு, "பி.பி.ஏ. எங்கே?" என்று எழுதியிருக்கிறாள். மங்கலம்பேட்டையில் அரசுப் பள்ளியில் பிளஸ் டூ, வணிகவியல் பிரிவு. மேலே என்ன படிப்பது என்பதில் அவளுக்குக் குழப்பம் இல்லை. எங்கே, எப்போது விண்ணப்பிப்பது என்பதில்தான்.

அன்று விடுமுறை. ஆனால் அப்பா, அவளுக்கு அத்தா, வேலை செய்யும் பட்டறையில் அவசர ஆர்டர். அத்தாவுக்குச் சோறு எடுத்துக்கொண்டு, உளுந்தூர்பேட்டையிலிருந்து வந்த பஸ்ஸில் ஏறி விருத்தாசலம் போனாள். லேசாக ஈரம் தட்டும் மண்தூளை இரும்பு அச்சில் கொட்டி, கைப்பிடியைச் சுற்றி இறக்கினால் ஒரு பியூஸ் கட்டை. அலுங்காமல் எடுத்து, ஓரத்துப் பிசிறைக் கத்தியால் வழித்து, பலகையில் அடுக்கினார் அத்தா. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்காகத் தோண்டும்போது கிடைக்கும் களிமண் இந்த ஊர்ப் பட்டறைகளுக்குத் தீனி. வீட்டுக்கு வீடு எம்.சி.பி. சுவிட்ச் வந்தபிறகு பியூஸ் கட்டைக்குப் பழைய கிராக்கி இல்லை.

"சூளையில எத்தன உடையுது அத்தா?"

"உடையறது உடையும். அத யாரு எண்ணிக்கிட்டு இருக்கா?"

பஸ்ஸில் திரும்பும்போது அவளுக்கு அந்தப் பதில்தான் காதில் இருந்தது. வணிகம் படிக்க வேண்டும் என்பதற்கு இதைவிடப் பெரிய காரணத்தைக் கல்லூரி நேர்முகத்தில் யாரும் சொல்லிவிடப் போவதில்லை.

அக்டோபர் 12

ஷார்ஜாவில் படிக்கும் மாமா மகனிடமிருந்து வாட்ஸ்அப் அழைப்பு. அவனும் பன்னிரண்டாம் வகுப்பு. "நவம்பர் 1க்குள்ள போடணும், வார்ட்டன்" என்கிறான். இங்கே காலாண்டுத் தேர்வு இப்போதுதான் முடிந்திருக்கிறது.

1881இல் தொடங்கிய வார்ட்டன், பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் வணிகப் பள்ளி. அங்கே முன்கூட்டி விண்ணப்பிப்பதற்கு 'ஏர்லி டிசிஷன்' என்று பெயர். ஒரே ஒரு இடத்துக்குத்தான் அப்படிப் போடலாம். கிடைத்தால் மற்ற எல்லா விண்ணப்பங்களையும் திரும்பப் பெற்றுக்கொண்டு அங்கேயே சேர வேண்டும். மாணவர், பெற்றோர், பள்ளி ஆலோசகர் மூவரும் கையெழுத்திட வேண்டும். நம்மூர்ப் பாஷையில் நிச்சயதார்த்தம், தாம்பூலம் மாற்றியாகிவிட்டது. 'ஏர்லி ஆக்‌ஷன்' வேறு வகை. அது பெண் பார்த்துவிட்டுப் போவது மாதிரி: பதில் சீக்கிரம் வரும், கட்டாயம் இல்லை. நியூயார்க் பல்கலைக்கழகத்தின் ஸ்டெர்ன் பள்ளிக்கு நிச்சயதார்த்தமே இரண்டு தவணை, நவம்பர் 1இலும் ஜனவரி 1இலும்.

சம்பந்தம் முடிந்தபிறகு சீர்வரிசை பேச முடியுமா? வேறு கல்லூரி தரும் உதவித்தொகையை ஒப்பிட்டுப் பார்க்க வழியில்லாமல் கையெழுத்துப் போடும் தைரியம் யாருக்கு வரும் என்பது தெரிந்ததுதான். அதனாலேயே 2006இல் ஹார்வர்டும் பிரின்ஸ்டனும், முன்கூட்டிய சேர்க்கை வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கே சாதகம் என்று அதைக் கைவிட்டன. மற்றவர்களில் பெரும்பாலோர் பின்தொடரவில்லை. 2011இல் இரண்டும் முன்கூட்டிய சேர்க்கைக்கே திரும்பின.

பென்சில்வேனியாவுக்கு விண்ணப்பக் கட்டணம் மட்டும் 75 டாலர். வெளிநாட்டு மாணவர் பண உதவி கேட்டால், கேட்டதும் சேர்க்கை முடிவில் கணக்கில் வரும். அவள் நோட்டில் வார்ட்டனை எழுதி, அடித்துவிட்டு, அடித்ததன் மேலேயே "அவனுக்குக் கிடைக்கட்டும்" என்று எழுதியிருக்கிறாள்.

நவம்பர் 9

அம்மாவின் செல்போனுக்கு ஒரே நாளில் மூன்று அழைப்புகள். ஒரு தனியார் பல்கலைக்கழகம், பெயர் வேண்டாம். எண் எப்படிக் கிடைத்தது என்று கேட்டதற்குச் சிரிப்புதான் பதில். "சீட்டு நிரம்பிக்கிட்டே வருதும்மா, இப்பவே அட்வான்ஸ் கட்டிட்டா கட்டணத்துல சலுகை." அம்மாவுக்குப் பதற்றம். சலுகை என்றால் புடவைக் கடையானாலும் கல்லூரியானாலும் பதற்றம்தான்.

நம் நாட்டில் 'முந்திக்கொள்வது' பெரும்பாலும் இதுதான்: பரீட்சை எழுதுவதற்கு முன்பே பணம். மறுநாள் வணிகவியல் ஆசிரியை இரண்டு விஷயங்களைச் சொன்னார். ஒன்று, 2024-25 முதல் பி.பி.ஏ., பி.எம்.எஸ். படிப்புகள் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏ.ஐ.சி.டி.இ.யின் வரம்புக்குள் வந்துவிட்டன. கட்டும் முன் அந்த அனுமதி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டு, கட்டிவிட்டு விலகினால் பணத்தைத் திருப்பித் தர பல்கலைக்கழக மானியக் குழுவின் விதி உண்டு. 2024-25க்கு, செப்டம்பர் 30க்குள் விலகினால் முழுத் தொகையும் தர வேண்டும் என்றிருந்தது. அசல் சான்றிதழ்களைப் பிடித்துவைத்துக்கொள்ளவும் கூடாது.

"விதி இருக்கு. ஆனா வாங்கறதுக்கு எத்தன தடவ நடக்கணும்?" என்றாள் அம்மா. ஆசிரியையிடம் இதற்கு விடை இல்லை.

ஜனவரி 4

ஐ.ஐ.எம். என்றாலே பட்டம் முடித்துப் போவது என்று இருந்தாள். இந்தூர் ஐ.ஐ.எம். 2011லேயே பிளஸ் டூ முடித்தவர்களுக்கு ஐந்தாண்டுப் படிப்பைத் தொடங்கிவிட்டது. ரோத்தக் 2019இல் வந்தது. புத்த கயாவும் ஜம்முவும் 2021இல் சேர்ந்து, 'ஜிப்மேட்' என்ற தேர்வின் வழியே எடுக்கின்றன. இது ஒன்றும் நவம்பர் நிச்சயதார்த்தம் இல்லை. இந்தூருக்குப் பொதுத்தேர்வுக்குப் படிக்கும் நாட்களிலேயே விண்ணப்பம், மே மாதம் தேர்வு, அதன்பின் நேர்முகம்.

மாதிரி வினாத்தாளை பிரவுசிங் சென்டரில் அச்செடுத்து வந்தாள். மூன்று பகுதி, ஒவ்வொன்றுக்கும் நாற்பது நிமிடம். தவறான விடைக்கு ஒரு மதிப்பெண் போகும். குறுவிடைக் கணக்குகளில் மட்டும் போகாது. மூன்றில் இரண்டு பகுதி கணிதம். அவள் பிரிவில் வணிகக் கணிதம் இல்லை, கணினிப் பயன்பாடுகள்தான். பதினைந்து வயதில், பிளஸ் ஒன் சேர்ந்த நாளில், வரிசையில் நிற்கும்போது எடுத்த முடிவு. முன்கூட்டி விண்ணப்பிப்பது என்கிறோமே, அதன் உண்மையான கடைசித் தேதி அன்றைக்கே போய்விட்டது என்றுகூடச் சொல்லலாம். டெல்லியின் சுக்தேவ் வணிகக் கல்லூரியிலும் பி.எம்.எஸ்.ஸுக்கு நுழைவுத் தேர்வில் கணிதம் கட்டாயம்.

ஆனாலும் மடக்கை, வரிசைமாற்றம் இரண்டையும் பக்கத்துத் தெரு அக்காவிடம் கற்றுக்கொள்ளத் தொடங்கினாள்.

பிப்ரவரி 20

இந்தூர் விண்ணப்பத்தில் 'பிரிவு' என்ற கட்டம். வீட்டில் இருப்பது மாநில அரசின் சாதிச் சான்றிதழ். தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 சதவீதம், அதற்கு இது போதும். மத்திய நிறுவனத்துக்கு இது செல்லாது. அங்கே ஓ.பி.சி. 27 சதவீதத்தில் வர வேண்டுமானால் 'கிரீமி லேயர் அல்லாதவர்' என்ற தனிச் சான்று வேண்டும். இதை இரவு பதினொரு மணிக்கு, அறிவிப்பின் சின்ன எழுத்துகளில்தான் கண்டுபிடித்தாள்.

இ-சேவை மையத்தில் வரிசை. கணினியில் இருந்த பையன், "நீட்டுக்காம்மா?" என்றான். அந்தச் சான்றிதழ் கேட்டு வருகிறவர்கள் அவனுக்கு ஒரே வகைதான். பல இடங்களில் ஏப்ரல் 1க்குப் பிறகு வாங்கியதையே கேட்கிறார்கள் என்று அவன்தான் சொன்னான். இப்போது வாங்கினால் நேர்முகத்துக்குள் பழசாகிவிடும். முந்தி வந்ததற்கு, பிறகு வா என்று பதில்.

மார்ச் 3

பொதுத்தேர்வு. நோட்டில் ஒன்றும் இல்லை.

மே 11

இந்தூர் தேர்வை எழுதிவிட்டாள். ஆங்கிலம் பரவாயில்லை, கணிதத்தில் பாதியைத் தொடவில்லை. பிளஸ் டூ மதிப்பெண் வந்துவிட்டது, கணக்குப்பதிவியலில் 97.

அரசுக் கலை அறிவியல் கல்லூரிகளுக்கு ஒரே இணையதளம். விண்ணப்பம் 48 ரூபாய், பதிவு 2 ரூபாய். ஐம்பது ரூபாய்க்கு இப்போது பஸ் நிலையத்தில் நாலு பேர் டீ குடிக்க முடியாது. மொழிப்பாடங்களை விட்டு, நான்கு பாட மதிப்பெண் 400க்கு எவ்வளவோ அதை வைத்துத் தரவரிசை. விருத்தாசலம் திரு கொளஞ்சியப்பர் அரசு கலைக் கல்லூரியில் பி.காம். முதல் விருப்பம், அடுத்து கடலூர் பெரியார் கல்லூரி. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து படித்ததால், சேர்ந்தபின் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாயும் உண்டு. 2022 செப்டம்பரில் தொடங்கிய திட்டம் அது.

"அப்ப ஐ.ஐ.எம்.?" என்று அம்மா கேட்டாள்.

"ரிசல்ட் வரட்டும்மா. இது கையில இருக்கட்டும்."

ஷார்ஜா பையனுக்கு வார்ட்டன் டிசம்பரிலேயே இல்லையென்று சொல்லிவிட்டது. இப்போது கோயம்புத்தூரில் கல்லூரி விசாரிக்கிறான்.

இரவு அத்தா சட்டைப் பையிலிருந்து ஒரு சிகரெட் அட்டையை எடுத்துக் கொடுத்தார். அட்டை முழுக்கப் பேனாக் கோடுகள்: நாலு கோடு, குறுக்கே ஒன்று, மறுபடி நாலு. அந்த வாரம் சூளையில் உடைந்தவை. ஐந்தைந்தாக எண்ணிக் கூட்டி, நோட்டில் தேதிக்குக் கீழே எழுதினாள்: 143.