நைட் டூட்டிக்கு நடுவே ஒரு பட்டம்

அக்டோபர், ஞாயிறு

இன்று வகுப்பு. நைட் டூட்டி முடித்து, ஹேண்ட் ஓவர் கொடுத்து, ஆஸ்பத்திரியிலேயே குளித்துவிட்டு நேராகப் போனேன். எங்கள் பேட்ச்சில் எல்லோரும் இப்படித்தான் வருகிறார்கள். இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. நர்சிங் வேலையில் இருக்கும் நர்ஸ்களுக்கென்றே உள்ள படிப்பு. ஜி.என்.எம். டிப்ளமோ, நர்சிங் கவுன்சில் பதிவு, அதன்பின் குறைந்தது 2 வருட அனுபவம் வேண்டும். நுழைவுத் தேர்வு உண்டு. 3 வருடம் படிக்க வேண்டும். ‘தபால்ல படிக்கிறாளாம்’ என்று சொந்தக்காரர்கள் சொல்லும்போது மனசு சுருங்குகிறது. தபாலில் வருவது புத்தகம் மட்டும். செய்முறைக்கு ஆள் போய் நிற்க வேண்டும். கேர் பிளான், கேஸ் ஸ்டடி, கிராமத்தில் வீடு வீடாகக் கணக்கெடுப்பு எல்லாம் எழுதிக் கொடுத்தாக வேண்டும்.

நர்சிங் கல்வி வரலாறு நடத்தினார்கள். வேலூர் சி.எம்.சி.யிலும் டெல்லியிலும் 1946-இலேயே பட்டப் படிப்பு தொடங்கிவிட்டது. நாடு விடுதலை அடைவதற்கு முன்பே நர்ஸுக்குப் பட்டம் வேண்டும் என்று நினைத்திருக்கிறார்கள். ‘ஊசி போடுறதுக்கு எதுக்குப் பட்டம்?’ என்ற கேள்வி மட்டும் இன்னும் வார்டில் கேட்கிறது. என் வீட்டிலும் கேட்டது.

செவ்வாய், விடிகாலை

மழை தொடங்கியதிலிருந்து வார்டு முழுக்க டெங்கு. கல்லூரியில் படிக்கும் பையன் ஒருவன், காய்ச்சல் தொடங்கி ஐந்தாம் நாள். நேற்று மாலை காய்ச்சல் விட்டுவிட்டது. அவன் அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். “காய்ச்சல் விட்டுடுச்சு சிஸ்டர், நாளைக்கு வீட்டுக்கு அனுப்பிருவாங்கல்ல?”

டெங்குவில் காய்ச்சல் விடும் நேரம்தான் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டிய நேரம். எல்லோரும் தட்டணுக்கள் எத்தனை என்றுதான் கேட்கிறார்கள். பெரிய ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. ரத்தக் குழாயின் சுவர் கசியத் தொடங்கி, ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா வெளியேறுகிறது. உள்ளே ரத்தம் கெட்டியாகிறது. உடம்பு ஈடுகட்டப் பார்க்கிறது. கை கால்களில் உள்ள குழாய்களை இறுக்கி, இதயத்துக்கும் மூளைக்கும் ரத்தத்தைத் திருப்புகிறது. அதனால் ரத்த அழுத்தத்தின் மேல் அளவு உடனே இறங்காது, கீழ் அளவு ஏறும். இரண்டுக்கும் இடைவெளி 20 அல்லது அதற்கும் கீழே வந்தால் அதுவே அதிர்ச்சி நிலையின் அடையாளம்.

இரவு இரண்டு மணிக்கு அவனுக்கு 100/82. மேல் அளவை மட்டும் பார்த்தால் நூறு இருக்கிறதே என்று தோன்றும். இடைவெளி 18. நாடி 118, விரல் நுனிகள் சில்லென்று இருந்தன, வயிறு வலிக்கிறது என்றான், சிறுநீர் குறைந்திருந்தது. டூட்டி டாக்டருக்கு போன் போட்டு இந்த வரிசையில் சொன்னேன். காய்ச்சல் நின்று எத்தனை மணி நேரம் என்பதையும், இடைவெளி குறைந்திருக்கிறது என்பதையும் சொன்னேன். அவர் மறு கேள்வி கேட்கவில்லை, ஓடி வந்தார். ரத்தம் கெட்டியாவதைக் காட்டும் ஹீமட்டோகிரிட் ஏறியிருந்தது. சலைன் ஏறத் தொடங்கியது. பையனை ஐ.சி.யு.வுக்கு மாற்றினோம்.

சில்லிட்ட கையைத் தொட்டதும் பதறுவதற்கு எனக்குப் பட்டம் தேவைப்படவில்லை. டிப்ளமோவும் வார்டும் அதைக் கற்றுக் கொடுத்திருந்தன. அந்தப் பதற்றத்தின் காரணத்தை, ராத்திரி இரண்டு மணிக்குத் தூக்கத்திலிருந்து எழுந்தவருக்கு அரை நிமிடத்தில் புரியும்படி சொல்ல இந்தப் படிப்பு கற்றுத் தந்திருக்கிறது. ‘பேஷண்ட் ஒரு மாதிரியா இருக்கார் டாக்டர்’ என்று சொல்லும் நர்ஸைக் காத்திருக்க வைக்கலாம். எண்ணோடு சொல்பவளை அப்படிச் செய்ய முடியாது. ஊசி போட எதற்குப் பட்டம் என்பவர்களுக்கு என் பதில் இதுதான்.

வியாழன்

பையன் இட்லி கேட்டானாம்.

வெள்ளி இரவு

ஆராய்ச்சியும் புள்ளியியலும். மகளுக்குப் பத்தாம் வகுப்புக் கணக்கில் திட்ட விலக்கம், எனக்கும் அதே. அவள் தமிழில் படிக்கிறாள், என் புத்தகம் ஆங்கிலம். சாப்பாட்டு மேசையில் அவள் நோட்டைத் திறந்து, “முதல்ல சராசரி கண்டுபிடிங்கம்மா, அப்புறம் ஒவ்வொண்ணையும் அதுல இருந்து கழிங்க” என்று நிதானமாகச் சொல்லிக் கொடுத்தாள். சின்னவன் என் மடியிலேயே தூங்கிவிட்டான்.

பள்ளியில் நைட்டிங்கேலைக் கைவிளக்கேந்திய காரிகை என்று படித்தோம். கிரிமியப் போரில் காயத்தால் இறந்த வீரர்களைவிட நோயால் இறந்தவர்களே அதிகம் என்பதை வரைபடம் போட்டு அரசாங்கத்தின் முன் வைத்தவரும் அவர்தான். விளக்கைப் பற்றிச் சொன்னவர்கள் வரைபடத்தைப் பற்றியும் எங்களுக்குச் சொல்லியிருக்கலாம். மகளிடம் சொன்னேன். அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை, ஆனால் பிடித்துப் போயிற்று.

சனி

அத்தைக்கு முட்டி வலி. அதோடுதான் காலையில் சின்னவனைக் குளிப்பாட்டி ஸ்கூலுக்கு அனுப்புகிறார்கள். நான் நைட் பார்க்கும் வாரங்களில் கணவர்தான் சமையல். இவர்கள் இருவரும் இல்லாமல் இந்தப் படிப்பு ஒரு மாதம்கூட ஓடாது. இப்படித் தாங்க ஆள் இல்லாத நர்ஸ்கள் எத்தனையோ பேர் விண்ணப்பமே போடாமல் விட்டுவிடுகிறார்கள். வகுப்புத் தேதிகள் முன்கூட்டியே தெரிந்துவிடுகின்றன. டூட்டி லிஸ்ட் போடும்போதே ஆஸ்பத்திரிகள் அந்த நாட்களை ஒதுக்கித் தரலாம். நாங்கள் ஆஃபை மாற்றி மாற்றி, டபுள் டூட்டி பார்த்து அந்த நாளை வாங்க வேண்டியிருக்கிறது. நாங்கள் படிப்பதன் பலன் அவர்களுடைய நோயாளிக்குத்தானே போகிறது?

புதிதாகச் சேர்ந்த ஸ்டாஃப் ஒருத்தி, “நானும் போடலாமா அக்கா?” என்று கேட்டாள். இன்னும் 2 வருட அனுபவம் ஆகவில்லை. அனுபவச் சான்றிதழை வேலையை விடும்போது கேட்டுக்கொள்ளலாம் என்று இருக்காதே, வருடா வருடம் வாங்கி வை என்றேன். வீட்டில் யார் சமைப்பது, பிள்ளையைப் பள்ளியிலிருந்து யார் கூட்டி வருவது என்பதையும் இப்போதே பேசி வைக்கச் சொன்னேன். என் உடலியங்கியல் புத்தகத்தைக் கொடுத்திருக்கிறேன். டிசம்பர் தேர்வு முடிந்ததும் மற்றதையும் தருவதாகச் சொல்லியிருக்கிறேன்.