ரெண்டு அழுகல் கட்டாயம்

புளியங்குடி,
ஞாயிற்றுக்கிழமை

ஏட்டி,

நீ கோயம்புத்தூருக்குப் போனதும் போன, ஆபீஸ்ல நடக்கிற கூத்தைச் சொல்ல ஆளில்லாம வாய் நமநமங்குது. மேனேஜரோட கைப்பிள்ளைக்கு இப்ப அவர் ரூம் வாசல்லயே சீட்டு. காலையில அவர் கார் கதவைச் சாத்துததுக்குள்ள யார் லேட்டு, யார் போன்ல பேசினதுன்னு அத்தனையும் போட்டுக் குடுத்தாச்சு. மத்தியானம் மேசையைச் சேத்துப் போட்டுச் சாப்பிடுவோமே, அதுவும் போச்சு. உன் புளிக்கொழம்புக்கு அடிச்சுக்கிட்டவங்க ஆளுக்கொரு மூலையில டிபன் பாக்ஸைத் திறக்காங்க. வாட்ஸ்அப் குரூப் மூணாயிட்டு. மூணுலயும் நான் இருக்கேன், அது வேற கதை.

எல்லாம் அப்ரைசல் செஞ்ச வேலை. பத்துப் பேர் உள்ள செக்‌ஷன்ல ரெண்டு பேருக்குக் கடைசி கிரேடு குடுத்தே ஆகணுமாம். நம்ம ஊர் எலுமிச்சை மார்க்கெட்ல பத்துப் பழமும் நல்லா இருந்தா பத்தையும் நல்ல பழம்னுதானட்டி ஒதுக்குவாங்க? இங்க ரெண்டு அழுகல் கட்டாயம்னு பையைப் பிரிக்க முன்னாடியே முடிவு. இந்த முறையை மைக்ரோசாஃப்ட் 2013-லயும் இன்ஃபோசிஸ் 2015-லயும் தலைமுழுகியாச்சு. பக்கத்து சீட்டுக்காரன் சறுக்கினாதான் நாம ஏறலாம்னா எவன் வேலை சொல்லிக் குடுப்பான்?

அந்த ரெண்டுல ஒருத்தர் யார் தெரியுமா? பில்லிங் அண்ணாச்சி! கண்ணாடியை நெத்திக்கு ஏத்திக்கிட்டு ராத்திரி எட்டு மணி வரைக்கும் நம்ம எல்லார் தப்பையும் திருத்துவாரே, அவரேதான்.

போன வாரம் கொல்லத்துப் பார்ட்டி பில்லுல 25 மூட்டைக்கு 52ன்னு அடிச்சிருந்தது. அண்ணாச்சி விரல் அந்த வரியில நின்னதை நான் பாத்தேன். கொஞ்ச நேரம் நின்னுது. அப்புறம் தாளைப் புரட்டினாரு, பேனா மூடியைப் போட்டாரு, அஞ்சரைக்குப் பையைத் தூக்கிட்டாரு. மறுநாள் பார்ட்டி போன்ல கத்தினப்ப, "நான் கவனிக்கலையே சார்"னு சொன்னாரு பாரு, முகத்துல ஒரு சலனம் இல்ல. நானும்தான் வாயைத் திறக்கல.

எம்.பி.ஏ. படிக்கிற என் மவ சொன்னா, வில்லியம் கான்னு ஒரு அமெரிக்கப் பேராசிரியர் 1990-லயே இதை எழுதிட்டாராம். ஒரு கோடை முகாம்லயும் ஒரு கட்டடக்கலை ஆபீஸ்லயும் வேலை பாத்தவங்ககிட்டப் பேசித் தெரிஞ்சுக்கிட்டது. மனசுல பட்டதைச் சொன்னா கேடு வராதுன்னு நம்பிக்கை இருந்தாதான் ஆள் முழுசா வேலையில இறங்குவான். இல்லைன்னா உடம்பை மட்டும் சீட்டுல வச்சிட்டு மிச்சத்தை உள்ள பூட்டிக்கிடுவான். நம்ம அண்ணாச்சி பேனாவை மூடினது அதான்.

இதுக்கு மேனேஜர் கண்டுபிடிச்ச வைத்தியத்தைக் கேளு. ஊழியர்களுக்கு உற்சாகம் வரணும்னு வெள்ளிக்கிழமை பலூன் கட்டி மியூசிக்கல் சேர் நடத்தினாரு. வருஷம் பூரா நாங்க அதத்தானட்டி ஆடுதோம்! ஜெயிச்சது யார்னு எழுதணுமா?

பதிலை வீட்டு அட்ரஸுக்குப் போடு. ஆபீஸுக்கு வர்ற தபாலை முதல்ல பிரிக்கது கைப்பிள்ளைதான்.

இப்படிக்கு,
உன் பழைய பக்கத்து சீட்டுக்காரி