சாச்சியின் தாலாட்டும் என் மடிக்கணினியும்

என் சாச்சிக்குப் பதினோரு தாலாட்டுகள் தெரியும். அவற்றுள் மூன்று அவர்களுடைய மாமியாரிடமிருந்து வந்தவை. மற்றவை எவர் வழி வந்தன என்பதை அவர்களே அறியார்கள். ஒன்றேனும் ஏட்டில் எழுதப்பட்டதில்லை. துபாயில் வாழும் அவர்களுடைய மகள் தலைப்பிள்ளையைப் பெற்றெடுத்தபோது, "உம்மா பாடுறதையெல்லாம் எப்படியாவது பதிஞ்சு அனுப்புங்க காக்கா" என்று என்னிடம் கேட்டுக்கொண்டாள். அது 2022ஆம் ஆண்டு. சாச்சிக்கு அப்போது வயது எழுபத்தாறு.

நான் இசையைத் தொழிலாகக் கொண்டவன் அல்லன். மருந்து விற்பனைப் பிரதிநிதியாக மாதத்தில் பாதி நாளை ரயிலிலும் விடுதியிலும் கழிப்பவன். ஆயினும் பாட்டுக்கு மெட்டமைப்பதும், அதைப் பதிந்து கேட்பதும் இளமை முதல் என்னை விடாத பழக்கங்கள். ஆகவே, இது எளிய வேலை என்றே எண்ணினேன். சாச்சியை நகரத்து ஒலிப்பதிவுக் கூடம் ஒன்றுக்கு அழைத்துச் சென்றேன். கண்ணாடி அறை, சுவரெங்கும் பஞ்சு, காதில் மாட்ட ஹெட்போன். மணிக்கணக்கில் வாடகை ஏறிக்கொண்டிருந்தது. சாச்சி முக்காட்டைச் சரிசெய்துகொண்டு மைக்கைப் பார்த்தபடி இருந்தார்களே தவிர, வாய் திறக்கவில்லை. வெளியே வந்தபின்தான் சொன்னார்கள்: "கோவிச்சுக்காதே வாப்பா. தொட்டிலை ஆட்டாம எனக்குப் பாட்டு வராது."

தொட்டிலைக் கூடத்துக்குக் கொண்டுபோக இயலாது. கூடத்தைத்தான் தொட்டிலுக்குக் கொண்டுபோக வேண்டும்.

என்னிடம் இருந்தது 2019இல் வாங்கிய மலிவு விலை மடிக்கணினி. இன்டெல் ஐ3-7020யு செயலி, 4 ஜி.பி. ரேம், நிமிடத்துக்கு 5,400 முறை சுழலும் ஹார்ட் டிஸ்க். விற்பனைக் கணக்கு எழுதுவதற்கென்று வாங்கியது. அதனுடன் ஓர் ஆடியோ இன்டர்ஃபேஸையும் கண்டென்சர் மைக்கையும் தோள்பையில் இட்டுக்கொண்டு ஊருக்குப் போனேன். அடுத்த வீட்டுக் குழந்தையைத் தொட்டிலில் இட்டார்கள். சாச்சி கயிற்றைப் பற்றியதுதான் தாமதம், பாட்டு தானாக வந்தது. நான்காவதாகப் பாடிய தாலாட்டை அதுவரை நானும் கேட்டதில்லை. கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தேன். திரையைப் பார்க்கத் தவறினேன்.

இரவு போட்டுக் கேட்டபோது அந்த நான்காம் பாட்டின் நடுவே டக், டக்கென்று வெட்டுகள் விழுந்திருந்தன. ஓரிடத்தில் அரை அடியே காணாமற்போயிருந்தது. மறுநாள் காலை சாச்சியை மீண்டும் பாடச் சொன்னேன். பாடினார்கள். ஆனால் அந்த அடி வரவில்லை. வேறோர் அடியை அந்த இடத்தில் வைத்து, அதுதான் எப்போதும் பாடுவது என்று சாதித்தார்கள். என்ன செய்ய?

ஊர் திரும்பியதும் காரணத்தைத் தேடினேன். ஒரு குரலைப் பதிவது கணினிக்குப் பெரும் பாரமே அன்று. விநாடிக்கு 48,000 அளவுகள், ஒவ்வொன்றும் 24 பிட்; நிமிடத்துக்கு 8.6 எம்.பி.தான் ஆகிறது. எந்தப் பழைய ஹார்ட் டிஸ்க்கும் அதைத் தாங்கும். என் கணினியின் நோய் வேறு. 4 ஜி.பி. நினைவகத்தை விண்டோஸும், வைரஸ் தடுப்பானும், பின்னணியில் தம்மைத் தாமே புதுப்பித்துக்கொள்ளும் செயலிகளும் நிரப்பிவிட்டன. இடம் போதாதபோது கணினி நினைவகத்தில் உள்ளதை எடுத்து ஹார்ட் டிஸ்க்கில் வைக்கும்; வேண்டும்போது திரும்ப எடுக்கும். அந்த ஓட்டசாட்டத்தில் ஒலியை வாங்கிக்கொள்ள ஒரு கணம் தவறிவிட்டது. ஒலி வருவது ஓடும் நீர்போல. குடம் நிரம்பியவுடன் எடுத்து வேறு குடம் வைக்காவிடில் நீர் மண்ணில் போகும். அந்தக் குடத்துக்குத்தான் பஃபர் என்று பெயர்.

புதுக் கணினி வாங்க வசதியில்லை. சென்னை ரிச்சி தெருவுக்குப் போய் 8 ஜி.பி. ரேம் ஒன்றும், 500 ஜி.பி. எஸ்.எஸ்.டி. ஒன்றும் வாங்கினேன். இரண்டும் சேர்ந்து ஐயாயிரத்துக்குள் முடிந்தன. அடிப்பலகையின் திருகுகளைக் கழற்றி நானே பொருத்தினேன். (ஒரு திருகு இன்றுவரை கிடைக்கவில்லை. சமையலறைத் தரையில் இத்தகைய வேலையைச் செய்யலாகாது என்று என் மனைவி சொன்னது உண்மைதான்.) பாட்டரியையும் மாற்றினேன். செயலி அதே பழைய இரட்டைக் கரு செயலிதான். ஆனால் ஒன்றரை நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொண்டு விழித்த கணினி, கால் நிமிடத்தில் எழுந்தது. சுழலும் தட்டு போனதால் அதன் முனகலும் போயிற்று. பியானோ, வயலின் முதலியவற்றின் பதிந்த ஒலிகளை அடுக்கடுக்காக ஏற்றி இசையமைப்போர்க்கு 12 ஜி.பி.யும் காணாது. எனக்கு அது தேவைக்கும் மேல்.

பதிவதற்கு ரீப்பர் என்ற மென்பொருளைக் கொண்டேன். ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு பாட்டுக் கேட்கப் பயன்பட்ட வினாம்ப்பை ஆக்கிய ஜஸ்டின் ஃப்ராங்கல் என்பவரின் ஆக்கம் அது. அளவில் சிறியது, பழைய கணினியிலும் மூச்சிரைக்காமல் ஓடுகிறது.

வசதி குறைந்த கருவியை நம்பி வேலை செய்வதில் நான் முதல்வன் அல்லன். 1979இல் டியாக் நிறுவனம் சாதாரணக் கேசட்டில் நான்கு டிராக் பதியும் போர்ட்டாஸ்டுடியோ என்ற பெட்டியை வெளியிட்டது. அமெரிக்கப் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் 1982 ஜனவரியில் தம் வீட்டில் அத்தகைய பெட்டியில் மாதிரிக்கென்று சில பாட்டுகளைப் பதிந்தார். பின்னர் குழுவினருடன் கூடத்தில் பாடிப் பார்த்தும் நிறைவு பெறாமல், அந்தக் கேசட்டுப் பதிவையே 'நெப்ராஸ்கா' என்ற தொகுப்பாக வெளியிட்டார். சாச்சியைக் கூடத்துக்கு இழுத்துச் சென்ற நாளுக்கு முன்பே இதை நான் நினைவு கூர்ந்திருக்கலாம்.

2023 மே மாதம் மீண்டும் போனேன். இம்முறை வைஃபையை அணைத்தேன். வைரஸ் தடுப்பானை உறங்க வைத்தேன். பஃபரைத் தாராளமாக 1,024 என வைத்தேன். சாச்சிக்கு ஹெட்போன் இல்லை. ஆகவே, தாமதத்தைப் பற்றிய கவலையும் இல்லை. மைக்கின் கம்பி வீட்டளவுக்கு நீளமாயினும் கேடில்லை என்பதால், கணினியைக் கூடத்து ஊஞ்சலில் வைத்துவிட்டு மைக்கை மட்டும் உள்ளறைக்குக் கொண்டு சென்றேன். மெத்தைகளும் தலையணைகளும் அடுக்கியிருந்த அறை அது, எதிரொலியே இல்லை. கூடத்துக்காரர்கள் பணம் கொடுத்துச் சுவரில் ஒட்டிய பஞ்சை, சாச்சி பெருநாள் விருந்தினருக்கென்று சேர்த்து வைத்திருந்தார்கள்.

ஆனால் மின்விசிறியை நிறுத்த முடியவில்லை. மே மாதப் புழுக்கத்தில் குழந்தை அழுதது. குளிர்பதனப் பெட்டி வேறு இரைந்தது. சார்ஜரைச் செருகினால் மைக்கில் மெல்லிய ரீங்காரம். ஒலியைச் சுத்தம் செய்யும் வித்தைகளைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டிருந்த வேளையில், பிற்பகல் மூன்று மணிக்கு மின்சாரம் நின்றது.

மின்வெட்டுக்காக மகிழ்ந்தவன் அந்தத் தெருவில் நான் ஒருவனாகத்தான் இருந்திருப்பேன். விசிறி நின்றது, குளிர்பதனப் பெட்டி அடங்கியது, தெருவிலிருந்த ஒலிபெருக்கியும் ஓய்ந்தது. ரீங்காரமும் மறைந்தது. கணினி தன் பாட்டரியில் ஓடியது. மைக்குக்கு வேண்டிய 48 வோல்ட்டையும் இன்டர்ஃபேஸ் கணினியின் யு.எஸ்.பி. மின்சாரத்திலிருந்தே ஆக்கிக் கொடுத்தது. சாச்சியின் மருமகள் பனையோலை விசிறியால் குழந்தைக்கு வீசினாள். ஒரு மணி நாற்பது நிமிடம். பதினொன்றில் பத்துத் தாலாட்டுகள் பழுதின்றிக் கிடைத்தன. நான்காவதை மறுபடி கேட்டேன். அந்த அடி அன்றும் வரவில்லை.

தாளத்துக்குத் தப்ஸ் மட்டும் போதும், வேறு வாத்தியம் வேண்டா என்பது சாச்சியின் கட்டளை. என் நண்பர் ஒருவர் தப்ஸ் அடிப்பவர், திருச்சியில் இருக்கிறார். விற்பனைப் பயணத்தின்போது கணினியுடன் அவர் வீட்டுக்கே போனேன். இங்குதான் தாமதம் குறுக்கிட்டது. பஃபர் 1,024 என்றால் ஒரு வழிக்கே 21 மில்லி விநாடி. போய் வர நாற்பதுக்கு மேல். தம் அடியைத் தாமே பிந்திக் கேட்டு அவர் தடுமாறினார். 256 ஆக்கினேன். ஒரு வழி 5 மில்லி விநாடியாகக் குறைந்தது. ஆறடி தள்ளி அமர்ந்தவர் அடிப்பது நம் காதுக்கு எட்டும் நேரம் அவ்வளவுதான். கணினி தடுமாறவில்லை. "பாட்டி எதை வச்சுத் தாளம் பிடிக்கிறாங்க?" என்று கேட்டார் நண்பர். நான் அறியேன். அவர் மீண்டும் கேட்டுவிட்டுச் சிரித்தார்: தொட்டில் கொக்கியின் கிரீச்சொலி. அதைக் குறையென்று எண்ணி நீக்குவதற்கு நான் குறித்து வைத்திருந்தேன்.

ஒலிகளைச் சமன்செய்யும் வேலையை ரயிலில் செய்தது என் பிழை. ரயிலின் ஆழ்ந்த இரைச்சல் தப்ஸின் அடித்தொனியை மூடிவிட, நான் அதை ஏற்றிக்கொண்டே போனேன். வீட்டில் கேட்டால் தாலாட்டின் நடுவே இடி முழங்கியது. அதன்பின் ரயிலில் வெட்டி ஒட்டும் வேலையை மட்டும் செய்தேன். ஒலியளவை விடியற்காலையில் வீட்டில் பார்த்தேன்.

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபருடன் நின்றுவிட்டது. என் செயலிக்கு விண்டோஸ் 11 பொருந்தாது. ஆகவே, அந்தக் கணினியை இப்போது இணையத்தில் இணைப்பதில்லை. பதிவுகளை மூன்று இடங்களில் படியெடுத்து வைத்திருக்கிறேன்.

சாச்சி 2024இல் வஃபாத்தானார்கள். அதற்குப் பல மாதம் முன்பே பாட்டுகளைத் துபாய்க்கு அனுப்பிவிட்டேன். முதன்முறை பதிந்த வெட்டு விழுந்த நான்காம் பாட்டையும் தனியே சேர்த்தே அனுப்பினேன்.

பத்தாம் பாட்டின் கடைசியில் மின்சாரம் வந்துவிட்டிருந்தது. விசிறி சுழலத் தொடங்க, சாச்சி பாட்டை நிறுத்தாமலே தணிந்த குரலில், "கரண்டு வந்துடுச்சு, அந்த அடுப்பைப் பாரும்மா" என்று மருமகளிடம் சொல்லிவிட்டு அடுத்த அடிக்குப் போனார்கள். நான் அதை நீக்கிச் சீராக ஒட்டியிருந்தேன். சாச்சி மறைந்து ஒரு மாதம் கழித்து அவர்கள் மகள் தொலைபேசியில் அழைத்தாள். பதிவில் வேறு ஏதேனும் மிச்சம் இருக்கிறதா என்று கேட்டாள். இதைச் சொன்னேன். அந்த இரவே நீக்கியதை அதன் இடத்தில் திரும்ப வைத்து அனுப்பினேன்.